பையில் அடங்காத மஞ்சள்

காலி வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று யாராவது கேட்டால் போதும், பை அக்கா அரை மணி நேரம் பேசுவாள். ஆண்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், ஃபேன் மாட்டக் கொக்கி இருக்கிறதா என்று. பெண்கள் நேரே போய்ச் சமையலறைக் குழாயைத் திறப்பார்கள். குழந்தைகளுக்கு சுவிட்ச். ஆனால் 'சரி, இந்த வீடுதான்' என்று மனசு முடிவு செய்வது இந்த மூன்றிலும் இல்லையாம், வேறெங்கோ நடக்கிறதாம். எங்கே என்று தெரிந்துகொள்வதற்காகவே வருகிறவர்களின் முகத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். பை அக்கா என்பது தோளில் தொங்கும் பெரிய துணிப்பையால் வந்த பெயர். அந்தப் பை பிறந்ததே ஒரு மறதியில்தான். ஏழு மாதமாக ஒருவரும் சீந்தாத வீடு ஒன்றைக் காட்டப் போனவள், வழியில் வேலியோரம் பறித்த பூக்களையும் தன் சிவப்புக் குடையையும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு வழிகாட்டத் தெருமுனைக்குப் போனாள். அவர்கள் வேறு வழியாக வந்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். இவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், "வீடு நல்லா இருக்கே, எப்ப குடி வரலாம்?" என்கிறார்கள்! அதே சுவர், அதே ஒழுகல். குடையும் பூவும்தான் புதுசு. அவள் அந்தக் குடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுவாரமே பை தயார். சாயம் போகாத மஞ்சள் துணி ஒன்று, இஸ்திரிக்குப் போட்டுவிட்டு யாரும் திரும்ப வாங்கிப் போகாத சட்டைகளில் தைத்த நாலு தலையணை உறைகள், நீல மருந்துப் புட்டி ஒன்று. பூ வழியில் கிடைக்கும். எல்லாம் வைத்து முடிக்க ஐந்து நிமிடம். பேச்சு முடிந்ததும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். "இதெல்லாம் வீட்டோட சேர்ந்ததா?" என்று யாராவது கேட்டால், பிடி கொடுக்காமல் சிரித்து, தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். பை வெளியேறிய பிறகு அந்த வீடுகள் என்ன ஆயின? தெரிந்துகொள்ளக் கொள்ளை ஆசை. போய்ப் பார்க்கத்தான் தைரியம் வந்ததில்லை.

அவள் குடியிருந்ததும் வாடகை வீடுதான். அவளும், பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவனும். ஹாலுக்கு ஒரே ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரரின் மொட்டைச் சுவர். குடிவந்த புதிதில் நடுப்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். ஒரு மாதம் யோசித்தாள்.

"நம்ம சுவத்துல என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்ல. நாம தெனமும் பாக்கறது அவரு சுவத்தைத்தானே?" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, நேரே இஸ்திரிக்காரரிடம் போனாள்.

"என் சுவத்துக்கு நீ வெள்ளையடிக்கப் போறியா?" என்றார் அவர்.

"வெள்ளை இல்லண்ணே, மஞ்சள். எங்க ஜன்னல் அளவுக்கு மட்டும்."

அவர் இதுவரை கேட்ட கோரிக்கைகளிலேயே விசித்திரமானது அதுதான். என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்றே சம்மதித்தார். எவர் வீட்டிலோ மிஞ்சிய பெயின்ட்டில் மஞ்சள் கட்டம் அடித்தாள். ஆறு பால்பவுடர் டப்பாக்களை ஆணியில் தொங்கவிட்டு, சாலையோரத்தில் பிடுங்கிய நித்தியகல்யாணியை நட்டாள். நடுப்பகலில் அந்தச் சந்துக்குள் வெயில் இறங்கும். அப்போது மஞ்சள் அப்படியே ஹாலுக்குள் வந்து உட்காரும். பதினொரு வருஷமாகத் தினமும் காலையில் ஜன்னல் வழியே நீளப்பிடிக் குவளையை நீட்டித் தண்ணீர் ஊற்றி வந்தாள்.

அப்படி இருக்கையில்தான் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்தார். அவருக்கும் இஸ்திரிக்காரருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு சாக்கடைக் குழாய் விவகாரத்தில் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"வேற ஆளுக்கு விடலாம்னு இருக்கேன்மா. உனக்கு வீடு கெடைக்கறது என்ன பெரிய விஷயமா, தொழிலே அதுதானே? நீயே நல்லபடியா காட்டிக் குடுத்துடு."

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கச் சொல்றாரா?" என்று குதித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எப்படிக் காட்டுனா பிடிக்கும்னு உனக்குத் தெரியும்ல? அப்ப, எப்படிக் காட்டுனா பிடிக்காதுன்னும் தெரியுமே."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் ஒரு பக்கம், செய்துதான் பார்ப்போமே என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். பீரோவை வாசலோரம் இழுத்துப் போட்டாள், உள்ளே வருகிறவர்கள் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். அழுது வடியும் பல்பு ஒன்றை மாட்டினாள். உறைகள், விரிப்புகள், பூ எல்லாம் போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்தன. ஜன்னலைச் சாத்தி அதன்மேல் ஈரத்துண்டைத் தொங்கவிட்டாள். எந்த வீட்டுக்கும் ஒரு நல்ல வேளை உண்டு. இந்த வீட்டுக்கு அது நடுப்பகல். அதனால் ஐந்து மணிக்கு வரச் சொன்னாள்.

அவர்கள் பன்னிரண்டுக்கே வந்து நின்றார்கள். வீட்டுக்காரர், ஒரு கணவன், மனைவி. அந்தப் பெண் பீரோவை இடித்துக்கொண்டு நுழைந்து, சிரித்தாள்.

"என்னைத் தெரியுதாக்கா? நாலு வருஷம் முன்னாடி, தண்ணித் தொட்டி பக்கத்துல மாடி வீடு. நீங்கதான் காட்டுனீங்க. அதான், நீங்க அஞ்சு மணின்னா நாம வேற நேரத்துல போகணும்னு இவர்கிட்ட சொன்னேன்."

பை அக்கா மாட்டிக்கொண்டாள். ஆனால் வாயில் வந்ததோ வேறு, இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த கேள்வி. "நான் போனப்புறம் அந்த வீடு எப்படி இருந்துச்சு?"

"செத்துப் போச்சுக்கா," என்றாள் அந்தப் பெண், கோபமில்லாமல். "நீங்க அந்த மஞ்சள் துணியைக் கழட்டுனதும் யாரோ விளக்கை அணைச்ச மாதிரி ஆயிடுச்சு. நானும் மஞ்சள்ல திரை வாங்கி மாட்டினேன். பூ வச்சேன். அந்தக் களை வரவே இல்ல. அதனால இந்தத் தடவை, உங்க பைக்குள்ள போகாததை மட்டும் பாக்கறதுன்னு வந்திருக்கேன்." சொல்லிக்கொண்டே போய் ஈரத்துண்டை இழுத்துப் போட்டு ஜன்னலைத் திறந்தாள்.

மஞ்சள் உள்ளே வந்தது. தரையில், பீரோவில், வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில். ஆறு டப்பாவிலும் பூ. எப்போதும் பொழுது சாய்ந்தே வாடகை வாங்க வருகிற மனிதர், தன் வீட்டுக்குள் இப்படி ஒன்று நடப்பதை முதல்முறையாகப் பார்த்து வாயைப் பிளந்தார். பை அக்கா பார்த்தது அந்தப் பெண்ணின் முகத்தை. 'சரி, இந்த வீடுதான்' அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் தேடியது தன் ஹாலிலேயே கிடைத்ததில் அவளுக்கு அழுகை வந்தது.

"இது வீட்டோட சேர்ந்ததா?"

"தண்ணி காலைல ஆறு மணிக்கு..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "இல்லம்மா. சுவரு பக்கத்து வீட்டுது. செடி என்னோடது. நான் போனா இதுவும் போயிடும். உன்னை இன்னொரு தடவை ஏமாத்த மாட்டேன். எனக்கு இங்கேருந்து போக மனசே இல்ல, அதான் அஞ்சு மணின்னேன்."

"சுவரு எங்கம்மா ஓடிப் போயிடும்?" என்றார் வீட்டுக்காரர்.

சந்தில் துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர், பூவைப் பார்த்தபடி, வந்திருந்த பெண்ணிடம் பதில் சொன்னார். "இங்க குடியிருக்கற பொண்ணு கேட்டுச்சு, குடுத்தேன். அது போன மறுநாளே கரியை அப்பிடுவேன்னு அந்த ஆள்கிட்ட சொல்லும்மா."

"மெரட்டறாரான்னு கேளும்மா," என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்கறாருன்னு சொல்லு."

ஒன்பது வருஷத்தில் அதுதான் அவர்களுடைய முதல் உரையாடல். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இருட்டு வீடு எங்ககிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க," என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "சரி, நீங்களே இருங்க," என்று மென்று விழுங்கினார்.

மறுநாள் அவள் அந்த மாடி வீட்டுக்குப் போனாள், முதல்முறையாக ஒரு வீட்டுக்கு இரண்டாம் தடவை. பார்த்த உடனே புரிந்துவிட்டது. அந்தப் பெண் திரையை ஜன்னலில் மாட்டியிருந்தாள். வெளிச்சம் அங்கேயே நின்றுவிட்டது. நாலு வருஷம் முன்பு இவள் துணியைத் தொங்கவிட்டது எதிர்ச் சுவரில், வெளிச்சம் போய் விழுகிற இடத்தில். திரையை ஓரம் தள்ளிவிட்டு, பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அதே இடத்தில் மாட்டினாள். நீலப் புட்டியில் பூ வைத்தாள், நாலு உறைகளையும் தலையணைகளுக்குப் போட்டாள். அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் தட்டையாகத் தொங்கிய பையைப் பார்த்து, "எங்க எல்லாம்?" என்றான் கணவன்.

"வீட்டோட சேர்ந்துடுச்சு," என்றாள்.