திரும்பும் எண்ணம் உண்டு

திரும்பிப் போகும் எண்ணம் எங்களுக்கு இருக்கிறதா, இல்லையா?

உறவினர்கள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். பாப்பாவின் பள்ளியில் கேட்டால், "இங்கேதான் மேடம், வேற எங்க போகப்போறோம்" என்று வேகமாகச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு தடவை இந்தக் கேள்வியை ஒரு விண்ணப்பம் கேட்டது. அதற்கு முன்னால் சிரிக்கவும் முடியாது, மழுப்பவும் முடியாது. ஒரு கட்டத்தில் டிக் அடித்தாக வேண்டும்.

என் கணவர் கல்லூரிப் படிப்புக்கே அமெரிக்கா போனவர். நான் கல்யாணமாகிப் போனவள். பாப்பா அங்கே பிறந்தாள். அவருக்கு முதலிலும் எனக்குப் பின்னாலும் அந்த நாட்டுக் குடியுரிமை வந்தது. அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில் மாமாவுக்கு, அதாவது அவர் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தது. அவர் திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே விழுந்த அன்று காலையில்கூட மாடிப்படி ஏறி இறங்கியவர். நாங்கள் கிடைத்த டிக்கெட்டில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நாங்க இனி இங்கேதான் அத்தை" என்று சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சொல்வதற்கு முன் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்திருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் அங்கத்திய வேலையை இங்கிருந்தே செய்ய அனுமதி வாங்கினார். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். நான் பாப்பாவையும் மாமாவின் பயிற்சிகளையும் பார்த்துக்கொண்டேன். அப்படி இருக்கும்போது இங்கே ஒரு தேர்தல் வந்தது. அத்தை நல்ல புடவை கட்டி, மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். மை வைத்த விரலைப் பாப்பாவிடம் காட்டிவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"உங்க அப்பா அம்மாவுக்கு இங்க ஓட்டு கிடையாதுடி. ரெண்டும் அமெரிக்கா ஆளுங்க. அங்க போய்ப் போடவும் முடியாது. அந்தரத்துல தொங்குதுங்க."

"இங்க இருந்துக்கிட்டே அங்க போடலாம்மா" என்றார் கணவர். கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது அவருக்கு.

அந்த ரோஷத்தில்தான் பிறகு அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியபோது இருவரும் ஓட்டுச் சீட்டுக்கு விண்ணப்பித்தோம். நாங்கள் வாழ்ந்த மாநிலத்தில், கட்சிகள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மக்களிடமே முதலில் ஓட்டு வாங்கும். அதே சீட்டில் மாநிலத்தின், ஊரின் தீர்மானங்களும் வரும். இந்த வரி வேண்டுமா, அந்தச் சட்டம் வேண்டுமா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று மக்களையே நிரப்பச் சொல்வார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சீட்டை மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.

விண்ணப்பத்தில் எங்களுக்குப் பொருந்தும்படி இரண்டு கட்டங்கள் இருந்தன. வெளிநாட்டில் வசிக்கிறேன், திரும்பும் எண்ணம் உண்டு. வெளிநாட்டில் வசிக்கிறேன், திரும்புவது நிச்சயமில்லை.

'திரும்ப மாட்டேன்' என்று ஒரு கட்டம் இல்லை. அதைத் தேடி மறுபடியும் மேலிருந்து படித்தேன். அத்தையிடம் நான் சொன்னதற்கு நேரான கட்டம் அதுதானே? இல்லாததால் அதற்கு அருகில் இருந்த 'நிச்சயமில்லை'யில் டிக் அடித்தேன். அடித்த பிறகு, பொய் சொல்லிவிட்டோமோ, உண்மையைச் சொல்லிவிட்டோமோ என்று இரண்டு விதமாகவும் பயம் வந்தது. கணவர் தன் அறையில் தன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எதில் அடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஏதாவது இருக்கிறது என்றே தோன்றவில்லை.

சீட்டுகள் ஒரு காலை வந்தன. பாப்பாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையிலிருந்த பிரிண்டரில் அச்சடித்தேன். எனக்கு வந்தது சின்னது. ஜனாதிபதி வேட்பாளர் பெயர்கள், நாடாளுமன்றத்துக்கான பெயர்கள், அவ்வளவுதான். அவருடையதை அச்சடிக்கக் கொடுத்தேன். அது வந்துகொண்டே இருந்தது. நீதிபதி, கவுன்சில், மாநிலத் தீர்மானம், மாவட்டத் தீர்மானம், ஊர்த் தீர்மானம்.

அத்தை எதிரில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இதுல யாரு ஜனாதிபதி?"

"இல்லத்தை, இது கட்சிக்குள்ள யார் நிக்கணும்னு முடிவு பண்றது. அதுக்கப்புறம்தான் நிஜத் தேர்தல்."

"நிக்கிற ஆளையும் ஜனங்களே சொல்லணுமா? இங்க மேலேருந்து ஒரு பேர் வரும், நம்ம போய்க் குத்திட்டு வருவோம். தலைவலி இல்லை." பிறகு இரண்டு கட்டுகளையும் பார்த்தார்கள். "உனக்கு என்ன இத்துனூண்டு, அவனுக்கு இவ்வளவு?"

எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. திரும்பும் எண்ணம் உள்ளவருக்கு அந்த ஊரின் விஷயங்களிலும் ஓட்டு உண்டு. நிச்சயமில்லாதவருக்கு ஜனாதிபதியும் நாடாளுமன்றமும் மட்டும். அவர் முதல் கட்டத்தில் அடித்திருக்கிறார்.

"அவருக்கு நிறைய அனுப்பியிருக்காங்க அத்தை" என்றேன்.

"அது சரி! அங்கேயும் ஆம்பளைக்குத்தான் ஜாஸ்தியா?" என்று அத்தை சிரித்தார்கள். உள்ளே படுத்திருந்த மாமாவிடம் சத்தமாகச் சொன்னார்கள்: "கேட்டீங்களா, அமெரிக்காக்காரன் கதையும் நம்ம கதைதான்!"

நானும் சிரித்தேன். திருத்திச் சொல்லவில்லை.

கணவர் வேலை முடித்ததும் சீட்டுகளோடு அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"நீங்க 'எண்ணம் உண்டு'ன்னு போட்டிருக்கீங்க."

அவர் கண்ணைக் கசக்கினார். "அப்படிப் போட்டாத்தான் ஸ்கூல் தீர்மானம் வரும். அதுக்காகப் போட்டேன்."

"அதுக்காக மட்டுமா?"

"நீ என்ன போட்ட?"

"நிச்சயமில்லைன்னு."

"அம்மாகிட்ட இனி இங்கேதான்னு சொன்னது நீ. நிச்சயமில்லைன்னு போட்டதும் நீ. என்னை எதுக்குக் கேக்கற?"

"வேற கட்டம் இல்லைங்க."

"அப்ப எனக்கு மட்டும் இருந்துச்சா?"

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வந்தது கோபம் இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவருடைய நீளமான சீட்டைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

பள்ளித் தீர்மானம் என்பது நாங்கள் இருந்த பகுதியின் அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. கூரையையும் நூலகத்தையும் புதிதாகக் கட்ட வீட்டு வரியைக் கொஞ்சம் உயர்த்தலாமா என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பள்ளியின் வேலியை ஒட்டித்தான் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து நடப்பேன். அங்கே சேர்ப்பதாகத்தான் இருந்தோம்.

"நீயே சொல்லு, இதுக்கு என்ன போட?" என்றார். "போகப்போறோம்னா ஆம்னு போடலாம், நம்ம புள்ள உக்காரப்போற எடம். போகலைன்னா, அங்க இருக்கறவங்க தலையில வரி ஏத்த நான் யாரு?"

"அது உங்க ஓட்டு. நான் சொல்லக் கூடாது."

"எப்பவும் இப்படியே சொல்லு" என்று சீட்டை வாங்கிக்கொண்டார்.

அவர் என்ன நிரப்பப்போகிறார் என்பதே எனக்குப் பதிலாகிவிடும் என்று நினைத்தேன். ஆம் என்றால் போகிறோம். இல்லை என்றால் இருக்கிறோம். வாயால் கேட்காமலே தெரிந்துவிடும்.

நிரப்பிய சீட்டைத் தபாலில் அனுப்பலாம், அல்லது ஃபேக்ஸில் அனுப்பலாம். தபாலுக்கு நாள் போதாது. ஃபேக்ஸ் என்றால் ரகசியம் காக்கப்படாது, அதற்குச் சம்மதம் என்று தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இருவரும் போட்டோம். அவர் தன்னுடையதை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். நான் பஸ் ஏறினேன். காவிரியில் மணல்தான் கிடந்தது. பாலம் முழுக்க உறையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஏறி இறங்காத ஜெராக்ஸ் கடை இல்லை. ஃபேக்ஸ் என்றதும் எல்லோரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டிராவல்ஸ் கடையில் இருந்தது. கடைக்காரர் தொப்பி போட்ட பெரியவர். மெஷின் மேலிருந்த காலண்டர் கட்டுகளை இறக்கி வைத்தார்.

"எங்க தங்கச்சி அனுப்பணும்?"

"அமெரிக்கா. ஓட்டு."

"ஓட்டா?" அவர் மெஷினை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஜித்தாவுல கெடந்தப்ப ஊருல எத்தனை எலெக்ஷன் போச்சு தெரியுமா? ஓட்டுப் போடணும்னா டிக்கெட் எடுத்து ஊருக்கு வாடான்னுட்டாங்க. நீங்க இங்க உக்காந்துக்கிட்டு அனுப்பறீங்க. ம், நடத்துங்க."

என்னுடையது சட்டென்று போய்விட்டது. அடுத்து கடைக்காரர் என் கணவரின் உறையைப் பிரித்துத் தாள்களை என் பக்கம் நீட்டினார். "பக்கம் வரிசையா இருக்கான்னு பாத்துக் குடுங்க. ஓட்டு சமாச்சாரம், நான் பாக்கக் கூடாது." சொல்லிவிட்டு நிஜமாகவே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் புரட்டினேன். வேட்பாளர் நிரப்பியிருந்தார். நீதிபதிகள் நிரப்பியிருந்தார். மாநிலத் தீர்மானம், மாவட்டத் தீர்மானம், எல்லாவற்றிலும் வட்டத்தைக் கறுப்பாக, கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில் பள்ளித் தீர்மானம். ஆம் வெள்ளையாக இருந்தது. இல்லையும் வெள்ளையாக இருந்தது.

மறந்துவிட்டாரா? அவர் மறக்கிறவர் இல்லை. எனக்காக விட்டுவைத்தாரா? மேஜையில் கயிறு கட்டிய பேனா ஒன்று கிடந்தது. கை அதனிடம் போனது. இன்னொருவர் ஓட்டை நான் நிரப்பினால் அது குற்றம், அது எனக்குத் தெரியும். ஆனால் கையை நிறுத்தியது அது மட்டும்தானா என்று தெரியவில்லை. எந்த வட்டத்தை நிரப்புவது என்று எனக்கே தெரியவில்லை.

"ஆச்சா தங்கச்சி?"

"ஆச்சுங்க."

மெஷின் தாளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு கிறீச்சிட்டது. "அல்ஹம்துலில்லாஹ், போயிருச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"எல்லாப் பக்கமுமா?"

"எல்லாப் பக்கமும்."

என்னையே பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அத்தை மாமாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு குறுக்கே வந்தார்கள். அவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அந்தத் தீர்மானம் பிறகு ஜெயித்துவிட்டது, எங்கள் இருவர் ஓட்டும் இல்லாமலே.

இப்போது மாமா ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடக்கிறார். "பையன் இங்கேயே வந்துட்டான்" என்று அத்தை கீழ் வீட்டில் சொல்வது மாடிக்குக் கேட்கிறது. போன வாரம் பாப்பாவின் குளிர் ஜாக்கெட்டை எடுத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். கை முழங்கை வரைதான் வருகிறது. ஆனாலும் யாருக்கும் கொடுக்காமல் மறுபடி மடித்து வைத்தேன்.

அடுத்த தேர்தலுக்கு விண்ணப்பம் புதிதாக அனுப்ப வேண்டும். அதே இரண்டு கட்டங்கள். கணவரிடம் காட்டினேன். "இந்தத் தடவை நீ எதைப் போடறியோ அதையே நானும் போடறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று முதல் விண்ணப்பத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். 'உண்டு' என்று போட்டால் அத்தைக்குச் சொன்ன சொல்லை எடுத்துவிடுகிறேன். 'நிச்சயமில்லை' என்று போட்டால், அவர் ஒருமுறை தைரியமாக அடித்த டிக்கை நான் அழிக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில், கணவரிடம் கேட்காமல் அவர் வீட்டாரிடம் இப்படி ஒரு சொல் கொடுத்துவிட்டு அதோடு வாழ்ந்த பெண்கள் இருப்பீர்கள். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அத்தையிடம் முதலில் உட்கார்ந்து பேசவா, அல்லது அந்த வெள்ளை வட்டங்களை ஏன் விட்டீர்கள் என்று அவரிடம் கேட்கவா? கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவாரே என்றும் பயமாக இருக்கிறது. விண்ணப்பம் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?