நசீமா மேடத்தின் கடைசி ஆட்சேபம்

கேன்டீனில் உட்கார்ந்து நசீமா பானுவைப் பற்றிப் புறணி பேசிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. "அந்தம்மா நான் எழுதுன ப்ரோகிராமைப் பார்த்த பார்வையில கம்ப்யூட்டருக்கே வேர்த்துப்போச்சுங்க" என்று சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எதிரே இருந்தவர் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு. காலையில் கோட்டைமேட்டு வீட்டிலேயே போய்விட்டாராம். கையிலிருந்த வடையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் இருந்திருந்தால், "சாப்பிடுங்க சார், வடை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றிருப்பார்.

சரவணம்பட்டிக் கல்லூரியில் கணினி ஆசிரியர்களான எங்கள் இருவருக்கும் ஒரே அறை. மாணவர்களைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் இழுத்துவந்தவர் அவர்தான். எங்கோ யாரோ எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்த மென்பொருளில் குறை இருந்தால் நம் பிள்ளைகளும் திருத்தி அனுப்பலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, குறை சொல்லி, அது சரியான பிறகுதான் சேர்ப்பார்கள்.

அங்கேதான் எங்கள் ஊர் மரியாதை குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. கூடப் படிப்பவர் எழுதியதைத் தப்பு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. "ரொம்ப நல்லாருக்குங்க", "அருமைங்க" என்றே எழுதித் தள்ளினார்கள். அப்படி அருமையான ஒரு திருத்தம் உள்ளே போய், லேபிலிருந்த கணினிகளை எல்லாம் படுக்கவைத்தது. அருமை என்றவர்களில் நானும் ஒருவன். பந்தியில் உப்பில்லாத ரசத்துக்கும் தலையாட்டுகிற ஆள் நான்.

நசீமா மேடம் எல்லோரையும் உட்காரவைத்தார். "கண்ணுங்களா, பஞ்சரான வண்டிய நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிப்போட்டா, பாதி வழியில தள்ளிட்டுப் போறவங்களுக்கு அது மரியாதைங்களா?" என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

உடுமலைப்பேட்டைப் பெண் ரம்யாவின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டையும் அவர் விடவில்லை. நாம் எழுதியதை அனுப்பும் முன் சோதித்துப் பார்க்கும் கட்டற்ற கருவி ஒன்று உண்டு. தப்பைக் கண்டால் புரியாத மொழியில் ஒரு பக்கம் கொட்டும். புதிதாக வருபவர்கள் ஓடிப்போவார்கள். ரம்யா அதை மனுசத் தமிழில் பேசவைத்தாள்: "ஏனுங்க, ஏழாவது வரியில அடைப்புக்குறிய மூடலீங்க."

துறையே கைதட்டியது. நசீமா மட்டும் அதன் கீழே ஆட்சேபம் எழுதித் தடை போட்டார்: "தப்பு இருக்குன்னு சொல்லுது, செரி. எப்படித் திருத்தறதுன்னு யாரு சொல்லுவாங்க?" அதுதான் அவர் கடைசியாக எழுதியது.

தடை நீங்காமல் வெளியே அனுப்ப முடியாது. கருவியின் புதிய பதிப்பில் சேர்க்க அந்த வாரமே கடைசி. விட்டால், அடுத்த பதிப்பு வருவதற்குள் ரம்யா கல்லூரியை விட்டே போயிருப்பாள். அவள் உழைப்பும் அப்படியே கிடக்கும். அடக்கத்துக்குப் போய்த் திரும்பியதும் அவளிடம் சொன்னேன்:

"அம்மணி, தடைய எடுக்கற அதிகாரம் எனக்கும் இருக்குது. ஒரு தட்டு தட்டி உட்டர்றேன். மேடம் கோச்சுக்க மாட்டாங்க."

"கோச்சுக்குவாங்க சார். இத்தன வருசம் பக்கத்துல உக்காந்திருந்தும் தெரியலீங்களா? அவங்க கேட்டதச் செஞ்சுபோட்டு வாரேனுங்க."

செய்துகொண்டு வந்தாள். சோதித்துப் பார்க்க என்னையே உட்காரவைத்தாள். "தப்புத்தப்பா எழுதறதுக்கு உங்கள உட்டா ஆளில்லீங்க சார்." நான் இயல்பாகவே எழுதினேன். கருவி சொன்னது: "ஏனுங்க, மூணாவது வரியில திறந்தது மூடலீங்க. கடைசியில ஒரு அடைப்புக்குறி போடுங்க, செரியாயிரும்." போட்டேன். ஓடியது! யாரையும் கேட்காமல் நான் திருத்திய முதல் ப்ரோகிராம் அதுதான். நாற்காலியோடு துள்ளினேன். மேடம் கேட்டது நடந்துவிட்டது என்று எழுதி, தடையை எடுத்தேன்.

வாரம் முடியும் முன்பே அந்தக் கருவியைப் பராமரிப்பவர்களிடமிருந்து பதில் வந்தது. சேர்த்துக்கொண்டார்கள்! லேபில் எழுந்த கூச்சலுக்குத் திட்ட வந்த பக்கத்து வகுப்பு ஆசிரியரும் வாயில் மைசூர்பாவோடு திரும்பிப் போனார். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் யாரோ இனி அடைப்புக்குறியை மறந்தால், திருத்தும் வழியும் சேர்ந்து வரும். அதற்குள் நசீமாவின் கேள்வி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அந்தக் கேள்வியைத்தான். யாராவது என்னை அருமை என்றால், எங்கே குறை என்று கேட்கிறேன். இந்த அஞ்சலியை முதலில் ரம்யாவிடம்தான் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லாருக்குங்க சார்" என்றாள். விடாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

"மேடத்தவிட உங்களப் பத்தித்தான் நெறைய இருக்குதுங்க. உங்களதுல பாதிய வெட்டிப்போடுங்க, செரியாயிரும்."

வெட்டிவிட்டுத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.