கேசிங்குக்குள் போகாத கார்ட்

கணினி வாங்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கேம் விளையாடத்தான் என்றபோது அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உழைக்கிற வயசில உனக்கு விளையாட்டோ?"

"ஓம். உழைக்கிறபடியாத்தான் வாங்கிறன்" என்றேன்.

கம்பஸ் விடுதியில் என் அறைத்தோழியின் மடிக்கணினியில் தொற்றிய பழக்கம் அது. யாருமில்லாத தீவொன்றில் தனியாக வீடு கட்டிப் பிழைக்கிற விளையாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். படிப்பு முடிந்து முல்லைத்தீவில் அலுவலக வேலை கிடைத்தது. கிழமை நாட்களில் அங்கே ஒரு வாடகை அறை, சனி ஞாயிறுகளில் கிளிநொச்சிப் பக்கம் அக்கராயனில் எங்கள் வீடு. அறையில் பழைய திரை ஒன்று இருந்தது, வீட்டில் ரி.வி. இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு போகக்கூடிய ஒரு பெட்டிதான் எனக்கு வேண்டும். மடிக்கணினி வேண்டாம் என்று முதலே முடிவு செய்துவிட்டேன். அறையின் தகரக் கூரைக்குக் கீழே பங்குனி வெயிலில் அது அடுப்பாகிவிடும், ஒரு பாகம் பழுதானால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். கேசிங் என்கிற சின்ன வெளிப்பெட்டி ஒன்றுக்குள் நானே பாகம் பாகமாகப் பூட்டுவதுதான் சரி.

அதற்குப் பிறகுதான் எவ்வளவு கடினமான வேலைக்குக் கை வைத்திருக்கிறேன் என்று விளங்கியது. பெரிய கேசிங் என்றால் எதை வாங்கினாலும் போகும். சின்னதில் ஒன்றைத் தெரிவு செய்தால் அது மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடும். பிராசஸரைக் குளிர்விக்கிற கூலர் கொஞ்சம் உயரம் என்றால் பக்கத் தகடு மூடாது. பவர் சப்ளை வழக்கமான அளவு என்றால் வயர்களுக்கு இடமில்லை. விளையாட்டின் படங்களைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட் நீளம் என்றால் முன்பக்கத்தில் முட்டும். மாரி முழுவதும் வேலை முடிந்து வந்து இதையேதான் படித்தேன், காணொளிகள் பார்த்தேன். பிஸ்கட் பெட்டி அட்டையை ஒவ்வொரு பாகத்தின் அளவுக்கும் வெட்டி, கேசிங்கின் அளவுக்குச் செய்த இன்னோர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டு ஃபான் மட்டும் உள்ள, நீளம் குறைந்த கட்டையான கார்ட் ஒன்றைத் தெரிவு செய்தேன். பக்கத்தில் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

வவுனியாவில் ஒரு கடைக்காரருக்குப் போனில் எல்லாம் சொல்லி, கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொன்னேன். சாமான் வந்துவிட்டது என்று அவர் அறிவித்ததும் அம்மா, "தனியப் போனா ஏமாத்திப்போடுவாங்கள், அண்ணாவோட போ" என்றார். அண்ணா உழவு மெஷின் வைத்து வயல் உழுகிறவர். அவருக்கு இரும்பு தெரியும், எஞ்சின் தெரியும். கணினி தெரியாது. அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

கடைக்குள் போன நிமிடத்திலிருந்து கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. கதை முழுவதும் அண்ணாவுடன்தான்.

"தம்பி, நீங்கள் கேட்ட கார்டும் கிடக்கு. ஆனா அதே விலைக்கு இது மூண்டு ஃபான். நல்லாக் குளிரும்."

"கேட்டது நான்" என்றேன். "மூண்டு ஃபான் கார்ட் இந்தக் கேசிங்குக்குள்ள போகாது அண்ணை. நான் அளந்து பாத்தனான்."

"அதெல்லாம் போகும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி அண்ணாவைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ தம்பி, எதைக் கட்ட?"

அண்ணா இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கிப் பாரம் பார்த்தார். தேங்காய் வாங்குகிற மாதிரி.

"மூண்டு ஃபானையே குடுங்கோ."

"அண்ணா, போகாது எண்டு சொல்லுறன்."

"அவர் கடை வச்சிருக்கிற மனிசன், பிள்ளை. அவருக்குத் தெரியாததே உனக்குத் தெரியும்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் சண்டை பிடிக்க வெட்கமாக இருந்தது. என் வங்கி அட்டையிலிருந்து காசு எடுத்தார்கள். பில்லில் அண்ணாவின் பெயரையும் அண்ணாவின் போன் நம்பரையும் எழுதினார்கள். கிளிநொச்சி வரும்வரை பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று அண்ணா நினைத்தார்.

வீட்டில் எல்லாப் பாகங்களையும் தாங்குகிற மதர்போர்டைக் கேசிங்குக்குள் பூட்டி, பவர் சப்ளையையும் ராம் என்கிற நினைவகத் தட்டையும் போட்டு, கடைசியாகக் கார்டை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் நீளம் கூட. நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் வரவில்லை.

"சனிக்கிழமை போய் மாத்துவன். ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் திங்கள் காலை முல்லைத்தீவுக்குப் போனேன்.

வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அண்ணா வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா, வந்து பார். இப்ப வடிவாப் போகுது."

மேசையில் என் கேசிங். அதன் முன்பக்கத்தில் ஒரு சதுர ஓட்டை. கலப்பை வேலைக்கு வைத்திருந்த, இரும்பு வெட்டுகிற கிறைண்டரால் தகட்டை வெட்டியிருந்தார். அந்த ஓட்டையால் கார்டின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பார்த்தேன். மதர்போர்ட் பூட்டியபடியே இருந்தது. அதன்மேல் முழுவதும் கறுப்பு மினுக்கமாக இரும்புத் தூள்.

"போர்டைக் கழட்டாமலே வெட்டினீங்கள்?"

"உரப்பை ஒண்டால மூடித்தான் வெட்டினனான்."

"ஆரைக் கேட்டு வெட்டினீங்கள்?"

"ஏன் இப்பிடிக் கத்துறாய்? நீ வவுனியாக்கு அலையக் கூடாதெண்டுதானே செய்தனான்."

கத்தினேன்தான். பக்கத்து வீட்டு வளவு வரை கேட்டிருக்கும். சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்து, "தமயனோட கதைக்கிற கதையே இது?" என்று என்னைத்தான் ஏசினார். நான் கார்டைக் கழட்டி வைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் தூளைத் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, சுவிட்சைப் போட்டேன். ஃபான் ஒரு தரம் துடித்து நின்றது. கருகிய மணம் வந்தது. மதர்போர்ட் செத்துவிட்டது.

அண்ணா வயலுக்குப் போய்விட்டார். நல்லதுக்குச் செய்தவருக்கு ஏச்சு விழுந்துவிட்டதே என்று அம்மா இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு தரம் கவலைப்பட்டார். என் போர்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மறுநாள் கார்டையும் போர்டையும் தூக்கிக்கொண்டு தனியாக வவுனியாவுக்குப் போனேன்.

"அண்ணா வரேல்லையோ?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். போர்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதில் இரும்புத் தூள் இருக்கிறது, அது அவருடைய பிழை இல்லை. ஆனால் கார்ட் கீறல் இல்லாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் முதலில் கேட்ட கார்டைத் தரச் சொன்னேன்.

"பில் அண்ணாவின்ர பேரில எல்லோ கிடக்கு. அவரை ஒருக்காக் கேப்பம்" என்றார். நான் வாய் திறக்க முன்னமே போனை எடுத்து அடித்து, ஒலிபெருக்கியிலும் போட்டு, கார்டை மாற்றவா என்று கேட்டார்.

அண்ணாவின் குரல் உழவு மெஷின் சத்தத்துக்கு நடுவில் வந்தது. "கார்டை ஏன் மாத்துறியள்? அது நல்ல கார்ட். பெரிய கேசிங் ஒண்டு குடுத்துவிடுங்கோ அண்ணை, நான் காசு அனுப்பிறன்."

கையை நீட்டி அந்தப் போனின் சிவப்புப் பொத்தானை நான் அழுத்தினேன். கடைக்காரர் திடுக்கிட்டுப் போனார்.

"இந்தக் கேசிங்கைத் தெரிஞ்செடுத்தது நான்" என்றேன். "உங்களோட போனில கதைச்சதும் நான்தான், காசு தந்ததும் நான்தான். போகாது எண்டு இதே இடத்தில நிண்டு சொன்னனான். நீங்கள் காதில வாங்கேல்லை. இனி ஒருத்தரையும் கேக்க வேண்டாம். என்னைக் கேளுங்கோ."

கொண்டு வந்த கார்டை அவர் பக்கம் தள்ளினேன். நான் விடப்போவதில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய்க் கட்டையான கார்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பில்லை மாற்றி எழுதும்போது, "உங்கட பேரென்ன?" என்று கேட்டார். அந்தக் கடையில் என்னைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

புது மதர்போர்டை வேறு கடையில் எடுத்தேன். வேறு கேசிங்குக்குக் காசு போதவில்லை. வெட்டுப்பட்டதையே அறைக்குக் கொண்டு போய், தூசி போகாமல் ஓட்டைக்குப் பின்னால் நுளம்பு வலைத் துண்டொன்றை ஒட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பூட்டினேன். கார்ட் நான் அட்டையில் வெட்டிப் பார்த்தபடியே உள்ளே இறங்கியது. திரையில் வெளிச்சம் வந்தபோது கதிரையில் சாய்ந்து அழுதேன். அழுகையிலும் பாதி கோபம்தான்.

பிறகொரு சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டு போய் ரி.வி.யில் கொழுவி விளையாடிக்கொண்டிருந்தேன். அண்ணா பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உந்த ஓட்டைக்கு ஒரு தகடு வச்சு வெல்ட் பண்ணித் தரட்டே?"

"வேண்டாம். தொடாதேங்கோ."

"நல்லதுக்குத்தானே பிள்ளை செய்தனான்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அடங்கிக் கிடந்த கோபம் மறுபடி ஏறியது. விளையாட்டை நிறுத்தினேன். "எனக்கு எது நல்லதெண்டு என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்" என்றேன். அவர் வெளியே போனார். உழவு மெஷினை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் இன்னும் ஆறவில்லை. போன கிழமை இன்னொரு ராம் வாங்கிப் பூட்டினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.