பங்குனியில் நிரம்பிய கண்மாய்

என் கணவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு கண்மாய் தேவைப்பட்டது. குளத்தூர்ப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுவே அடிக்கணக்கு எழுதிய ஒரு கம்பை நட்டார். கார்த்திகைக் கடைசியில் நிரம்பி நிற்கும் நீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கும், வெயிலுக்கு எவ்வளவு போகும், எத்தனையாவது நாளில் எத்தனை அடி மிஞ்சும் என்பதைச் சமன்பாட்டால் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதுதான் அவருடைய ஆய்வேட்டின் சாரம். ஞாயிறுதோறும் சைக்கிளில் போய்க் கம்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவர் கல்லூரியில் கணித விரிவுரையாளர். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அதே பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எந்தக் கணக்கையும் ஒருவர் தனியே போடும் வழக்கமில்லை. கூடத்தில் அவர், உள்ளறையில் நான். ஆளுக்கொரு மடக்கை அட்டவணை, ஏழு இலக்கம் கொண்டது. முடியும்வரை தாளைக் காட்டிக்கொள்ளக் கூடாது. விடைகள் மாறினால் தவறு செய்தவர் அன்று அம்மியில் துவையல் அரைக்க வேண்டும். அவர் அரைக்கும் தேங்காய்த் துவையல் மிக நன்றாக இருக்கும். கை அவ்வளவு பழகியிருந்தது.

இப்படி நடந்துகொண்டிருந்த குடித்தனத்துக்குள் சென்னையிலிருந்த ஒரு கணிப்பொறி நுழைந்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதில் இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் வாங்கிக் கொடுத்திருந்தார். கணக்கை அதற்குப் புரியும்படி எழுத இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஃபோர்ட்ரான், இயற்கணிதத்தை எழுதுவது போலவே எழுதலாம். மற்றொன்று அந்தப் பொறிக்கே உரிய குறியீட்டு மொழி. இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, இன்ன இடத்தில் வை என்று ஒவ்வொரு அசைவையும் சொல்ல வேண்டும். சுழல் அச்சில் எடுத்த கையேடுகள் இரண்டுக்கும் வந்தன. அவர் ஒரே வாரத்தில் முதல் கையேட்டை முடித்தார். நான் இரண்டையும் படித்தேன்.

“ஏங்க, ஃபோர்ட்ரான்ல எட்டு இலக்கத்துக்கு மேல வச்சுக்க முடியாது போலிருக்கே. இன்னொண்ணுல இருபது இலக்கம் வேணும்னாலும் கேக்கலாம்.”

“நம்ம அட்டவணையில எத்தனை இலக்கம்?”

“ஏழு.”

“எட்டு பெருசா, ஏழு பெருசா? டீச்சரைத்தான் கேக்குறேன்.”

ஏழிலக்கத்தில் வாழ்ந்து பழகிய எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தப் பதில் போதுமானதாகத் தோன்றும். எனக்கும் அன்று போதுமானதாகவே தோன்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் அரை மணி நேரத்தின் விளைவு, மடிப்பு மடிப்பாக விரியும் நீண்ட தாளில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு எண்ணும் எட்டு இலக்கத்தோடு மிடுக்காக நின்றது. மார்கழி சரியாக இருந்தது. தையில் நீர் குறைந்தது. மாசியில் குறையத் தயங்கியது. பங்குனி பத்தாம் தேதி கண்மாய் கரையைத் தாண்டி வழிந்தது. சித்திரையில் தரைக்குக் கீழே ஏழு அடியில் நின்றது.

அடுத்த ஞாயிறு நானும் அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கண்மாய்க்குப் போனேன். மடை திறந்துவிடுகிறவர் கரையில் இருந்தார். என் கணவர் அவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தார்.

“பங்குனியில இதுல தண்ணி நிக்கிறது உண்டா?”

“பங்குனியிலயா? எந்தூர்க் கண்மாயிலங்க?”

“இதுலதான். மெட்ராஸ்ல ஒரு மெஷின் அப்படிச் சொல்லுது.”

அவர் வடக்கே வானத்தைப் பார்த்தார். “அங்கிட்டு மழை பேஞ்சிருக்கும்ங்க” என்றார்.

பேராசிரியருக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பங்குனி யாருக்கு வேண்டும், தை முடியும் வரையில் உள்ளதை அட்டவணையாகப் போட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுங்கள் என்று எழுதினார். சமர்ப்பிக்க ஆறு வாரமே இருந்தது. அந்தக் கெடு தவறினால் பதிவே ரத்தாகி, நான்கு வருட உழைப்பு வீணாகும். என் கணவர் அட்டவணையைத் தை முப்பதோடு வெட்டித் தட்டச்சுக்குக் கொடுத்தார். ஐந்து படிகளும் தயாராகி வீட்டுக்கு வந்துவிட்டன.

வீட்டு வழக்கப்படி என் பங்குக் கணக்கு அப்போதுதான் முடிந்தது. சமன்பாட்டுக்கு விடையாக அவர் எழுதியிருந்த, உறுப்பு உறுப்பாக நீளும் தொடரை நான் தொடவில்லை. நேற்று நின்ற நீரிலிருந்து இன்று நிற்கும் நீர் என்று ஒவ்வொரு நாளாக நடந்து போயிருந்தேன். தை இருபதாம் தேதிக்கு எனக்கு மூன்றடி ஐந்து அங்குலம் வந்தது. பொறிக்கு நான்கடி இரண்டு அங்குலம். அவர் கம்பில் பார்த்துக் குறித்திருந்ததோ மூன்றரை அடி.

“கம்பும் நானும் ஒரு பக்கமா இருக்கோம்” என்றேன்.

“கம்பை எருமை முட்டித் தூக்கியிருக்கும்.”

“என்னையும் எருமை முட்டியிருச்சுங்களா?”

அவர் சிரிக்கவில்லை. தட்டச்சுப் படிகளை அடுக்கிவைத்து அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது கேலி செய்யும் எண்ணம் போய்விட்டது. உள்ளே போய் ஒரு தாளை எடுத்துவந்து இரண்டு எண்களை எழுதினேன். 43216.728, 43216.719.

“கழிங்க.”

“பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்பது.”

“ரெண்டுலயும் எட்டு இலக்கம் இருந்துச்சு. மிச்சம் எத்தனை?”

“ஒண்ணு.”

“கையால போட்டா அது நம்ம கண்ணுக்குத் தெரியும். இது வேலைக்காகாதுன்னு பேனாவைக் கீழ வச்சிருவோம். அது என்ன பண்ணும்? ஒன்பதுக்குப் பின்னால ஏழு பூஜ்யத்தை நிரப்பி, எட்டு இலக்கம் இருக்குன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கும்.”

பொறி எண்ணைப் பிடித்துவைக்கும் முறையே அதுதான். புள்ளி எங்கே விழும் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளும்; இலக்கங்களில் எட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். அவருடைய தொடரில் ஓர் உறுப்பைக் கூட்ட வேண்டும், அடுத்ததைக் கழிக்க வேண்டும்; நாள் ஏற ஏற உறுப்புகள் கோடிக்கணக்காகப் பருத்தன. இறுதியில் மிஞ்ச வேண்டியதோ சில அடிகள்.

“கடலை மூட்டை ஏத்துன லாரியை என் மூக்குத்தியோட ஒருதடவ நிறுத்துப் பாருங்க. மூக்குத்தியைக் கழட்டிட்டு ஒருதடவ நிறுத்துப் பாருங்க. ரெண்டையும் கழிச்சா மூக்குத்தி எடை வந்திருமா?”

“ஒன் மூக்குத்தி எதுக்கு லாரியில ஏறுச்சு?” என்றார். ஆனால் பென்சிலை எடுத்துவிட்டார். பங்குனியில் வெளிப்படையாகத் தெரியும் நோய் தையிலேயே உள்ளே இருக்கிறது என்பதை அவரே ஒவ்வோர் உறுப்பாக எழுதிப் பார்த்துக் கண்டுகொண்டார். சாயங்காலம் ஐந்து படிகளிலிருந்தும் அந்த அட்டவணைப் பக்கத்தைப் பிரித்தெடுத்தார். கிழிக்காமல், தைத்த நூலை அவிழ்த்து எடுத்தார். தட்டச்சு செய்தவர் மனம் நோகக் கூடாதாம்.

மீதமிருந்தது ஓர் அரை மணி நேரம், மூன்று வாரம் தள்ளி. குறியீட்டு மொழியில் இருபது இலக்கத்தோடு நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். பள்ளியின் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் வரிகள் எழுதினேன். வீட்டில் அதை விரித்தால் அவர் எட்டிப் பார்ப்பார்.

“இது பாஷையா? ஒரு ஆளைப் பக்கத்துல நிறுத்தி, எலையை எடு, எலையைப் போடு, சோத்தை எடு, சோத்தைப் போடுன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு.”

“உங்களுக்குப் பரிமாறுனா அப்படித்தாங்க சொல்ல வேண்டியிருக்கு.”

ஃபோர்ட்ரானை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் எழுதியதை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் தனக்குப் புரியும் என்பார். என் வரிகள் மறுநாளே எனக்குப் புரிவதில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்றபோது அவருக்கு ஒரு வழி தட்டியது. தொடரின் உறுப்புகளை எல்லாம் கூட்டலாகவே வைத்துக் கூட்டி, வந்த தொகையால் கடைசியில் ஒன்று என்ற எண்ணை வகுத்தால் அதே விடை வரும், கழித்தலே வராது. பருத்த எண்களோடு பருத்த எண்கள் சேரும். எதுவும் காணாமல் போகாது. எட்டு இலக்கமே தாராளம். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அதை எழுதினார். பார்த்தவுடன் சரியென்று எனக்குத் தெரிந்தது. “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னேன்.

இருவர் எழுதிய தாள் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினார். சென்னையில் வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டுத்தான் பொறிக்குக் கொடுப்பார்கள். அரை மணி நேரத்தில் முதலில் என்னுடையதைப் போடுவதாகத் தானாகவே சொன்னார். கெடுவுக்கு எட்டு நாள் இருந்தது. இரண்டும் பொய்த்தால் சமர்ப்பிக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் தந்தி வந்தது. அக்காலத்தில் தந்தி என்றால் தெருவே கதவைத் திறந்து பார்க்கும். கொண்டுவந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைத் துக்கத்துக்குத் தயார் செய்துகொண்டு நின்றார். பிரித்துப் படித்தேன். பங்குனி வறண்டது, சித்திரையும் வறண்டது, உன்னுடையது மூன்றாவது அட்டையில் நின்றுவிட்டது, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“நல்ல சேதிதானுங்களா டீச்சர்?”

“ஆமாங்க. கண்மாய் வத்திருச்சு.”

அவர் என் முகத்தையும் தந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். “பாவங்க, சம்சாரிக” என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினார். உழுது பிழைக்கும் குடிகளை நினைத்து அவர் வருந்தியது நியாயமே. எனக்கோ அன்று முழுதும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனாலும் அந்த மூன்றாவது அட்டை என்னை விடவில்லை. என் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு அமர்ந்தேன். அதிக நேரம் ஆகவில்லை. இருபது இலக்க எண்ணைக் கேட்டுவிட்டு, அதை வைக்க எட்டு இலக்கத்துக்கான இடத்தைத்தான் ஒதுக்கியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். சித்திரை முப்பது வரை நீண்ட அட்டவணையைக் கூடத்தில் விரித்துப் போட்டார். தை இருபதில் மூன்றடி ஐந்தங்குலம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“ஒன் மூணாவது அட்டைக்கு என்ன ஆச்சு? கண்டுபிடிச்சியா?”

“காபி ஆறுதுங்க, முதல்ல குடிங்க” என்றேன். அன்றைய துவையலை நான் அரைத்தேன்.