பெயர் சொல்லாமல் ஓட்டுக் கேட்ட குரல்

தேர்தல் நேரத்தில் ஊர் சுற்றுவது என் பழைய கிறுக்கு. வெயில், ஒலிபெருக்கி, சாலையை மறிக்கும் கொடிகள் எல்லாம் சேர்ந்தால்தான் எனக்குத் திருவிழா. இந்தச் சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்த வாரத்தில், விழுப்புரம் பக்கம் போய்வருகிறேன் என்றதும், "செஞ்சிக் கோட்டையா?" என்று கேட்டாள் மனைவி. இல்லை, இப்போது இல்லாத ஒரு தொகுதியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். தொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். என் முதல் ஓட்டைத் திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதியில்தான் போட்டேன். நாட்டின் முதல் பொதுத்தேர்தலில் தொடங்கி இருந்த தொகுதி அது. பிறகு தொகுதி மறுவரையறை வந்தது. 2009 தேர்தலில் அந்தப் பெயரே பட்டியலில் இல்லை, விழுப்புரம் என்று ஒரு தனித்தொகுதி வந்துவிட்டது. திண்டிவனம் சட்டமன்றத் தொகுதி மட்டும் மிஞ்சியது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது, ஜனங்களும் இருக்கிறார்கள். எனக்குத்தான் ஏதோ என் ஓட்டைத் தொலைத்துவிட்ட மாதிரி ஓர் அசட்டு வருத்தம்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறரைக்குப் பஸ். இரண்டு மணி நேரத்தில் திண்டிவனம், கட்டணம் நூறை ஒட்டி. மேம்பாலத்துக்குக் கீழே நாற்பது ரூபாய்க்கு இட்லி வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிரசார ஆட்டோ கடந்து போனது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!" என்று கனமான ஆண்குரல். வடையை இலையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். முதல் ஓட்டுப் போட்ட வருடம் என் அறை ஜன்னலுக்கு வெளியே தினமும் கேட்ட அதே குரல். எனக்குத் தலை நரைத்துவிட்டது, அதற்கு வயதே ஆகவில்லை. வேட்பாளரின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு கணம் தடுக்கி, வேறு யாரோ சொல்வதுபோல் இருந்தது.

அங்கிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிர்க்கட்சியின் வேன். அதிலும் அதே குரல், அதே கனிவு, காலையில் எந்தக் கட்சிக்காகக் கேட்டதோ அந்தக் கட்சியைத் தோற்கடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதும் பெயர் வந்த இடத்தில் தடுக்கியது. வெயிலில் நமக்குத்தான் மூளை குழம்புகிறது என்று ஒரு மோர் குடித்தேன்.

பழைய தொகுதியின் புதுச்சேரி ஓரம்வரை போய்விடுவது என் திட்டம். வளவனூர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான். போகவர அறுநூறு ரூபாய் என்று முருகன் என்ற ஆட்டோக்காரரோடு பேசி ஏறினேன். வளவனூர் தாண்டி ஒரு கிளைச்சாலையில், வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்க வண்டியை நிறுத்தினார். உச்சி வெயில். மல்லாட்டை விற்றவரைத் தவிர சாலையில் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு, அதுவும் அசையவில்லை.

அந்தக் கரும்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி வாக்காளப் பெருமக்களே!"

நான் ஆட்டோவை ஒட்டி நகர்ந்து நின்றேன். குரல் தொடர்ந்தது. "உங்கள் பொன்னான வாக்குகளை..." அதற்குப் பின் ஒன்றுமில்லை. பெயர் இல்லை, சின்னம் இல்லை, நீளமான மௌனம். மறுபடி, "வாக்களித்து மாபெரும் வெற்றி பெறச் செய்யுங்கள்" என்று, ஆளே இல்லாத ஒருவருக்காகக் கெஞ்சியது.

"பயப்படாதீங்க சார், அது எங்க மைக்குக்காரர்" என்றார் முருகன். சொன்னவர் முகத்திலும் அவ்வளவு தைரியம் தெரியவில்லை. "அவரு செத்து எத்தினியோ வருஷம் ஆவுது. ஏறுங்க, காட்றேன்."

கரும்பைச் சுற்றிக்கொண்டு போனோம். கொடி எதுவும் இல்லாத ஒரு லோடு ஆட்டோ, மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி. ஓட்டிவந்தவர் பாபு, வளவனூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். ஓடு வேய்ந்த ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி ஒலிபெருக்கியை அணைத்தார். வாசற்படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மைக்குக்காரர் ஏழுமலையின் மனைவி, கன்னியம்மா.

பாபு எனக்கு விளக்கினார். "எல்லாக் கட்சிக்கும் அண்ணன்தான் சார் பேசுவாரு. தொகுதி போச்சே, அதே வருஷம் அவரும் போயிட்டாரு. டேப்பெல்லாம் எங்கிட்ட கீது. பேரை மட்டும் வேற ஆளைப் பேச வச்சி ஒட்டிக்கினு ஓட்டறோம். இது அந்தத் தொகுதிக்கு அவரு பேசின கடைசி டேப்பு. பேரும் சின்னமும் வெட்டிட்டேன், இல்லன்னா கேஸாயிடும். வேலை முடிஞ்சி போவும்போது அக்காவுக்காகப் போட்டுக்கினு போவேன்."

அன்று அவர் வந்தது அதற்கு மட்டும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டால் புதுப் பெயர்களையும் ஏழுமலையே சொல்வதுபோல் செய்யலாம், கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள், அக்கா சரியென்றால் செய்வேன் என்று பதிலுக்குக் காத்திருந்தார்.

"நேத்து சாம்பிள்னு ஒண்ணு போட்டான் சார்" என்றார் கன்னியம்மா. "'கன்னியம்மா, நல்லா இருக்கியா'ன்னு கேக்குது. அத்தினி வருஷம் குடும்பம் பண்ணேன், ஒரு நாளு என் பேரைச் சொல்லிக் கூப்புட்டதில்ல அந்த மனுஷன். குரலு அவரோடதுதான். யாரோ அவரு சட்டையை மாட்டிக்கினு வாசல்ல வந்து நிக்கற மாதிரி இருந்துச்சி. ராவெல்லாம் கதவைப் பாத்துக்கினே இருந்தேன்."

"நான் செய்யலன்னா வேற எவனாச்சும் செய்வான்கா" என்றார் பாபு, தயங்கியபடி.

"செய்யட்டும். நீ செய்யாத. இப்பிடியே ஆளாளுக்குப் பேச வச்சிக்கினு போனா, எது அவரு, எது இல்லன்னு எனக்கே தெரியாம போயிடும். அப்பால எனக்கு இன்னா மிச்சம்?"

பாபு தலையை ஆட்டினார். "வேணாம்கா, உடு."

"மிச்சத்தைப் போட்டுட்டுப் போ."

பாபு மறுபடி ஓடவிட்டார். "மறவாதீர்! மறந்தும் இருந்துவிடாதீர்!" என்று முழங்கி முடிந்தது குரல். ஆனால் பதிவு நிற்கவில்லை. பதிந்த அன்று கடைப் பக்கம் கல்யாண மேளச் சத்தம் என்று, இந்த வீட்டுக்குள் வைத்துப் பதிந்தார்களாம். ஒரு கோழி கொக்கரித்தது. இருமல். பிறகு மைக்கை விட்டு நகர்ந்த, சாதாரணமான, களைத்த குரல்: "இந்தா, கொஞ்சம் தண்ணி கொண்டா."

கன்னியம்மா அதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டிருந்தார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியின் ஓரத்தில் வைத்தார். எனக்கு நா வறண்டிருந்தது, யோசிக்காமல் கையை நீட்டிவிட்டேன். முருகன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். எனக்கு வேறு சொம்பில் தண்ணீர் வந்தது.

மாலை விழுப்புரம் சிக்னலில் நின்றபோது ஒரு பெரிய பிரசார வேன் எங்களை ஒட்டி வந்தது. ஏழுமலையின் குரல். இந்தத் தடவை பெயர் வந்த இடத்தில் தடுக்கவே இல்லை. அவர் பார்த்தே இராத ஓர் இளைஞனின் பெயரை, பிறந்ததிலிருந்து தெரிந்தவர்போல் அழகாகச் சொன்னது. முருகன் என்னைப் பார்த்தார். வேன் வளவனூர் சாலையில் திரும்பியது. ஆத்திரமும் பயமுமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் ஹாரன் அடித்தபிறகுதான் நாங்கள் நகர்ந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம், ஆயிரத்து முந்நூறுக்குள் முடியும். திண்டிவனத்திலேயே காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். தொப்பி அவசியம். ஆட்டோ பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் பேஜாரு. தண்ணீர் கையோடு இருக்கட்டும், வாசற்படியில் இருக்கும் சொம்பை எடுத்துவிடாதீர்கள். வழியில் அந்தக் குரலைக் கேட்பீர்கள். யார் பெயரையாவது அழகாகச் சொல்லி ஓட்டுக் கேட்டால் கடந்து போய்விடுங்கள். இருமிவிட்டுத் தண்ணீர் கேட்டால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், அது ஏழுமலை.