பிப்ரவரியில் நிற்காத போன்

அக்காவின் கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்தார். அக்கா கூட்டேரிப்பட்டுக்கு அருகே அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பட்டன் போன் மட்டுமே அனுமதி. மாதந்தோறும் ஒன்றாம் தேதி அந்த அண்ணன் கடைக்குப் போய் அதற்கு ரீசார்ஜ் செய்வார். அந்தத் திட்டத்தின் ஆயுள் இருபத்தெட்டு நாள். ஆகவே மாதக் கடைசியில் இரண்டு மூன்று நாள் போனுக்கு அழைப்பே வராது. கணவர் இருந்த நாட்டிலோ, பணம் தீர்ந்தாலும் வரும் அழைப்பு நிற்பதில்லை. அக்கா சொன்ன காரணத்தை அவர் ஒருமுறையும் நம்பவில்லை.

அவர் விடுப்பில் வந்த மறுநாள் பதினெட்டாம் தேதி. விழுப்புரத்தில் கல்லூரி முடிந்து நான் அங்கே போனபோது, அக்காவின் தலைமுடி அவர் கையில் சுற்றப்பட்டிருந்தது. அவள் உதடு கிழிந்து சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. மல்லாட்டைத் தோட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவர் அண்ணன் உரிப்பதை நிறுத்தவில்லை.

“மாசக் கடசியானா போன ஆஃப் பண்ணிக்கினு எவன்கூடடி பேசற?”

“ரீசார்ஜ் தீந்துடுதுங்க. உங்க அண்ணனையே கேளுங்க.”

“தீந்தா நீதான் பேச முடியாது. நான் பண்ற காலு வர்றதுக்கு எதுக்குடி ரீசார்ஜ்? எனக்கே காது குத்தறியா?”

நான் சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி அவர் முன் நீட்டினேன். “மாமா, இங்க அப்படி இல்ல. இருபத்தெட்டு நாள் முடிஞ்சா வர்ற காலும் நின்னுடும். பிப்ரவரியில ஒரு நாளாவது நின்னுச்சா? அந்த மாசத்துக்கே இருபத்தெட்டு நாள்தான்.”

அவர் யோசித்தார். முடியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

“நிக்கலதான்,” என்றார். “அப்ப பிப்ரவரியில அவன் ஊர்ல இல்ல.”

அம்மிக் குழவியை எடுத்துப் போனை நொறுக்கினார். தடுக்க நீண்ட அக்காவின் வலக்கையின்மேல் குழவி மறுபடி இறங்கியது. எலும்பு முறிந்த ஓசையில்தான் அண்ணன் தலை நிமிர்ந்தார்.

திண்டிவனத்தில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அம்மா கூப்பிடுவாள் என்று, சிதறலிலிருந்து பொறுக்கி வந்த சிம்மை என் போனில் போட்டிருந்தேன். கூப்பிட்டது மாமா, விடாமல் கூப்பிட்டார்.

“இந்த ரீசார்ஜ் இன்னும் எத்தினி நாள்டி இருக்கு?” என்றாள் அக்கா.

“பத்து.”

“அப்புறம் வராது இல்ல?”

“வராது.”

போன் மறுபடி அதிர்ந்தது. ஓய்ந்தது.

“ஒண்ணாந்தேதி அவங்க அண்ணன் போட்டுடுவாரு. இப்பவே கழட்டு.”

சிம் தட்டைத் திறக்க நர்ஸிடம் வாங்கிய ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்; என்னிடம் வேறு ஊசி இல்லை. அவள் இடக்கையால் தடுமாறி, தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.