மரத்த விரலில் ஆறு மீட்டர் லேஸ்

சர்ச் கல்யாணத்தன்று மகள் தலையில் போடும் நெட்டுக்கு, அந்த வலைத்துணி முக்காட்டுக்கு, நானே லேஸ் பின்னித் தருகிறேன் என்று சொன்னபோது என் விரல்களுக்கு நல்ல உணர்ச்சி இருந்தது. ஆறு மீட்டர் வேண்டும். முகத்தைச் சுற்றி வரும் விளிம்புக்கு மூன்று, முதுகில் இறங்கித் தரையைத் தொடும் விளிம்புக்கு மூன்று. மாப்பிள்ளை வீடு சாத்தான்குளம். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே வெள்ளை நூல் உருண்டைகள் வாங்கி வந்து ஆரம்பித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பத்து மாதம் இருந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கைக்குட்டையிலும் தலையணை உறையிலும் பூத்தையல் போடும் பழக்கம் முன்பே உண்டு. டாட்டிங் என்கிற இந்த முடிச்சு லேஸ் வேலையைப் பழகியது முப்பத்தாறு வயதில், செல்போனில் வீடியோ பார்த்து. ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்தி நாற்பது தடவை பார்த்திருப்பேன்.

டாட்டிங்கில் ஊசி கிடையாது. கட்டைவிரல் நீளத்தில் படகு மாதிரி ஒரு ஷட்டில், அதற்குள் சுற்றிய நூல், அவ்வளவுதான். இடது கையில் நூலை வளையமாகப் பிடித்துக்கொண்டு, ஷட்டிலை அதற்குள் விட்டு வாங்கி, முடிச்சு முடிச்சாகப் போட வேண்டும். ஷட்டில் நூலால் போட்ட முடிச்சு, இடது கை நூலைச் சற்றே தளர்த்தி இழுத்ததும் புரண்டு அந்த நூலுக்கு மாறிக்கொள்ளும். மாறிய முடிச்சு வழுக்கும். கடைசியில் ஷட்டிலை இழுத்தால் வளையம் பூ மாதிரி மூடிக்கொள்ளும். ஒரே ஒரு முடிச்சு மாறாமல் போனாலும் பூட்டிக்கொள்ளும், வளையம் மூடாது. முழுதையும் வெட்டிப் போட வேண்டியதுதான். முடிச்சு மாறியதைச் சொல்வது விரல் நுனி. நூலுக்குள் ஒரு சின்னத் துள்ளல். அந்தத் துள்ளலுக்காகவே நான் மத்தியான இடைவேளையில் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஷட்டிலை எடுப்பேன். மாற்றுச் சான்றிதழுக்கு வந்து யார் என்ன சத்தம் போட்டாலும் அந்த அரைமணி நேரம் என்னைத் தொடாது.

மூன்று மீட்டர் முடிந்திருந்தபோது குளிக்கையில் மார்பில் கட்டி தட்டுப்பட்டது. அதைக் கண்டுபிடித்ததும் விரல் நுனிதான்.

அறுவை சிகிச்சை, அப்புறம் மருந்து ஏற்றுவது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரி. முதல் நான்கு தடவை ஒரு மருந்து, அதன் பிறகு வாராவாரம் வேறு ஒன்று. முடி கொட்டியது. பேப்பரில் பொதிந்து குப்பையில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்காக ஜெபம் பண்ணினார்கள், நன்றி சொன்னேன். பார்க்க வந்தவர்கள் அழுதார்கள், அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நான் அழுவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. தைரியம் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வீட்டில் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

இரண்டாவது மருந்தில் ஐந்தாம் வாரம் விரல்கள் மரத்தன. முதலில் நுனி, அப்புறம் முதல் கணு வரை. எல்லாப் பொருளையும் துணியுறை மாட்டிக்கொண்டு தொடுவது போல இருக்கும். டாக்டரிடம் சொன்னேன். "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு நாள் ஆகும்" என்றார். மூன்றாவது வகையும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

ஷட்டிலை எடுத்து உட்கார்ந்தேன். அது கையை விட்டு விழுந்தது, தரையில் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று பதினோரு வளையம் போட்டேன். பதினொன்றும் பூட்டிக்கொண்டது. கத்தரிக்கோலால் வெட்டி மடியில் போட்டேன். வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை.

சரி, பூத்தையலாவது போடலாம் என்று மாப்பிள்ளைக்கு வைத்திருந்த கைக்குட்டையை எடுத்தேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், மூலையில் ஒரு பிச்சிப்பூக் கொத்து. ஊசியில் நூல் கோக்க என்னால் முடியாது. கணவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் பேப்பர் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பத்து ஊசிகளில் நூல் கோத்துப் சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிடுவார். நான் கேட்டு அல்ல. ஒரு நாள் நான் கோக்கத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார், மறுநாளிலிருந்து ஊசிகள் தயாராக இருந்தன.

இரண்டாவது இதழில் இருந்தபோது அவர் எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏட்டி, கையப் பாரு."

"என்ன?"

"ரத்தம்."

ஊசி துணியைத் தாண்டி நடுவிரலில் இறங்கியிருந்தது. எத்தனை தடவை இறங்கியதோ. பிச்சிப்பூவுக்குப் பக்கத்தில் சிவப்பாக மூன்று பொட்டு. அவர் விரலைத் துடைத்து மருந்து போட்டார். "வலிக்கா?" என்றார். "இல்ல" என்றேன். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து, வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் அறையில் வரிசையாக நாற்காலிகள். என் பக்கத்து நாற்காலிக்கு ஒரு மேலப்பாளையத்துக்காரி வருவாள். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் துபாயில். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்பவள், கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பது. என் பையிலிருந்து எட்டிப் பார்த்த லேஸை ஒரு நாள் எடுத்துப் பார்த்தாள்.

"எந்திரமா, கையா அக்கா?"

"கைதான்."

முழுக்க நீட்டிப் பார்த்தாள். கடைசியில் நான் எப்படியோ ஒப்பேற்றியிருந்த ஒரு சாண் வந்ததும் நின்றாள்.

"இதுவரைக்கும் ஒரு ஆளு போட்டிருக்கு. இங்கேருந்து வேற ஆளு."

"ரெண்டும் நான்தான்."

அவள் என் சுட்டுவிரல் நுனியை நகத்தால் அழுத்தினாள். "தெரியுதா?"

"இல்ல."

"எனக்கும் இந்த மூணு விரலு அப்படித்தான். நான் சத்தத்த வச்சுத் தைக்கேன். துணிய நல்லா இறுக்கிக் கட்டினா ஊசி எறங்குத சத்தம் கேக்கும். ஒங்க வேலையில சத்தமே இருக்காதே." லேஸை மடித்து என் மடியில் வைத்தாள். "ஒதட்டுல வச்சுப் பாருங்க. ஊசி மொன மழுங்கிருக்கான்னு நாங்க ஒதட்டுலதான் பாப்போம். ஒதடு மரத்துச்சா ஒங்களுக்கு?"

உதடு மரக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிச்சு போட்டு, நூலைக் கீழுதட்டில் வைத்துக்கொண்டு ஷட்டிலை மெல்ல இழுத்தேன். நூல் உதட்டில் ஊர்ந்தது. மாறியிருக்கிறது. அடுத்தது ஊரவில்லை. ஒரு முடிச்சுதானே, அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அப்படியே ஒரு வளையம் மூடியது. இருபது முடிச்சுக்கு இருபது தடவை உதடு. ஒரு வளையத்துக்கு முன்பு இரண்டு நிமிஷம் ஆகும், இப்போது கால்மணி நேரம்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் வீடியோ காலில் கேட்டாள். "ஏம்மா நூலைக் கடிச்சிட்டே இருக்கீங்க?"

"கடிக்கல. பாக்கேன்."

"விடுங்கம்மா. கடையில வாங்கிக்கிடலாம்."

"நீ வேலையப் பாரு" என்றேன்.

புது லேஸ் பழையது மாதிரி வரவில்லை. உணர்ச்சியில்லாத கை எதையும் அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கும். வளையங்கள் சிறுத்து, விறைத்து வந்தன. பழைய மூன்று மீட்டரை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு அதே மாதிரி போட முயன்றேன். என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போடுவது போல இருந்தது. ஒரு வாரம் முயன்றுவிட்டு, பழையதைச் சுருட்டி உள்ளே வைத்தேன். அதன் பிறகு வேலை கொஞ்சம் வேகமாக நடந்தது.

மருந்து முடிந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம். ஐந்தரை மீட்டர் ஆகியிருந்தது. மகள் லீவு போட்டு வந்தாள். அவள் பெட்டியில் துணிகளை அடுக்கப் போனபோது, அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு நெட் இருந்தது. விளிம்பு முழுக்க எந்திர லேஸ். வளையத்துக்கு வளையம் ஒரே அளவு. நன்றாகவே இருந்தது. எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"நல்லா இருக்கு. எப்ப வாங்குன?"

அவள் முகம் மாறிவிட்டது. "ஒருவேளை ஒங்களால முடிக்க முடியலன்னா, ஒங்களுக்குக் கஷ்டம் வேண்டாமேன்னு..."

"முடிக்க முடியாதுன்னு நெனச்சியா, இருக்க மாட்டேன்னு நெனச்சியா?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், அலுவலகத்தில் பிறந்த தேதி கேட்பது மாதிரி. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தேதியைப் பிறகு அவளே சொன்னாள். எனக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் வாங்கியிருக்கிறாள். எட்டு மாதமாக ஒளித்து வைத்திருக்கிறாள். நான் அவள் தலையில் கையை வைத்தேன். முடி மிருதுவாக இருக்கும் என்று தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. கணவர் சமையலறை வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உள்ளே போய் மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நெட்டில் லேஸை வைத்துத் தைக்க மேலப்பாளையத்துக்காரி வந்தாள். போனில் கேட்டதும் "வாறேன்" என்றுவிட்டாள். காலையில் வந்து சாயங்காலம் வரை தரையில் பாய் போட்டு உட்கார்ந்து தைத்தோம். கணவர் ஊசி கோத்துக் கோத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்குமாக உணர்ச்சியுள்ள விரல்கள் பாதிகூட இராது. அவள் முகப்பக்கம் பழைய லேஸ், முதுகுப்பக்கம் புது லேஸ் என்று பிரித்து வைத்தாள். முதுகுப்பக்கத்தில் அரை மீட்டர் குறைந்தது.

"இன்னும் ஒரு வாரத்துல போட்டுருவேன்" என்றேன்.

"என்னத்துக்கு? அங்கன ஒண்ணு சும்மாத்தான கெடக்கு" என்று கடை நெட்டைக் காட்டினாள். மகளைப் பார்த்தேன். அவளே கத்தரிக்கோலை எடுத்து, அந்த எந்திர லேஸிலிருந்து அரை மீட்டர் வெட்டிக் கொடுத்தாள்.

மெல்ல நூலை இழுத்துக்கொண்டே மேலப்பாளையத்துக்காரி என்னிடம் சொன்னாள். "ஸ்கேன்ல திரும்ப என்னமோ தெரியுதாம். மறுபடியும் வரச் சொல்லிருக்காவ."

"எப்ப?"

"ஒங்க மக கல்யாணத்தன்னைக்குத்தான். நான் வர முடியாதுக்கா. துஆ செய்யுதேன்."

என்ன சொன்னேன் என்று யோசித்தால், "சரி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவளும் அதற்கு மேல் எதிர்பார்த்தது போலத் தெரியவில்லை. எனக்கு வந்தது வருத்தம் அல்ல. வர வேண்டிய வருத்தம் வரவில்லையே என்ற ஒரு வெட்கம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கோவிலில் மகள் நடந்து வந்தபோது நெட் தரையில் இழுபட்டு வந்தது. நான் முன் வரிசையிலிருந்து என் முடிச்சுகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பாட்டு வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் நெட்டைத் தூக்கிப் பார்த்து, "கையால போட்டதாமே, எவ்வளவு நேர்த்தி" என்றார். அவர் விரல் வைத்திருந்த இடம் கடை லேஸ். "ஆமா" என்றேன்.

சாயங்காலம் சாத்தான்குளத்துக்குக் காரில் ஏறும் முன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் முட்டிகள் வெளுத்திருந்ததைப் பார்த்துத்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கை மேலே ஏறி மணிக்கட்டைப் பிடித்தது. அங்கே எனக்கு உணர்ச்சி உண்டு. சூடாக, ஈரமாக இருந்தது அந்தக் கை. கார் போன பிறகும் நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன் என்று கணவர் சொன்னார். எனக்கு நினைவில்லை.

இப்போது அலுவலகத்துக்குப் போகிறேன். மேலப்பாளையத்துக்காரிக்கு மருந்து ஏற்றும் நாட்களில் லீவு சொல்லிவிட்டு அவளோடு போகிறேன். அவள் நாற்காலியில், நான் பக்கத்து ஸ்டூலில். அவள் தொழுகைக்குத் தலையில் போடும் வெள்ளை மக்கனாவுக்கு விளிம்பு போட்டுக்கொண்டிருக்கிறேன். போன தடவை அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்து ஒரு வளையத்தை வெட்டினேன்.

"பூட்டிக்கிச்சா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ஆமா."

"திரும்பப் போடுங்க. எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

நூலை உதட்டில் வைத்துக்கொண்டேன்.